ஒரே கணினியில் விண்டோஸும் லினக்ஸும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இராமநாதபுரம் மாவட்டத்து மண்டபம் என்ற ஊரில் நான் நடத்தும் சிறிய கணினிப் பழுதுபார்ப்புக் கடைக்குக் கீழக்கரையிலிருந்தும் பாம்பனிலிருந்தும் இராமேசுவரத்திலிருந்தும் வருகிறவர்கள், ஒரே கணினியில் இரண்டு இயங்குதளங்களை வைத்துக்கொள்வது பற்றிக் கேட்ட கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடித்துக்கொண்டதிலிருந்து, விண்டோஸ் 11 ஏறாத பழைய கணினி வைத்திருப்பவர்கள் இதைப் பற்றி அதிகமாக விசாரிக்கிறார்கள். பதில்களை, லினக்ஸின் இரண்டு வகைகளான உபுண்டுவையும் லினக்ஸ் மின்ட்டையும் மனத்தில் வைத்து எழுதியிருக்கிறேன். என் அனுபவத்தில் இந்த வேலையின் பெரும்பகுதி, லினக்ஸ் நிறுவும் பென் டிரைவைச் செருகுவதற்கு முன்பே, விண்டோஸுக்குள்ளேயே முடிந்துவிட வேண்டிய ஒன்று. கெட்டுப்போய்க் கடைக்கு வரும் கணினிகளில் அநேகமாக எல்லாமே அந்த முன்வேலையைச் செய்யாமல் விட்டவைதான். ஆகையால் அதற்கே இங்கு அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

டூயல் பூட் என்றால் என்ன? இரண்டு இயங்குதளங்களும் ஒரே நேரத்தில் ஓடுமா?

ஓடா. கணினியை இயக்கும்போது எது வேண்டும் என்று ஒரு பட்டியல் கேட்கும். தேர்ந்தெடுத்தது மட்டும் ஓடும். மற்றதற்கு மாற வேண்டுமானால் அணைத்து மீண்டும் இயக்க வேண்டும். பாம்பனில் தூக்குப் பாலம் உயர்ந்திருக்கும்போது ரயில் நிற்கும், ரயில் போகும்போது படகு நிற்கும் என்பதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க எனக்கு அதிக நேரம் ஆவதில்லை. இது நம் ஊருக்குப் புதிதும் அல்ல. 2011-இல் தொடங்கிய தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் வழங்கப்பட்ட கணினிகள் பலவற்றில் விண்டோஸும், சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் சேர்ந்தே இருந்தன. வாங்கிய பிள்ளைகளில் பலர் அந்தப் பட்டியலில் இரண்டாவது வரியைத் தொட்டுக்கூடப் பார்த்ததில்லை என்பது வேறு கதை.

எனக்கு இது உண்மையிலேயே தேவையா?

கேட்பவர்களில் பாதிப் பேரிடம் நான் வேண்டாம் என்றுதான் சொல்கிறேன். மின்னஞ்சல், யூடியூப், இணைய வங்கி ஆகியவற்றைத் தவிர வேறு எதற்கும் கணினியைத் திறக்காதவருக்கு லினக்ஸ் மட்டுமே போதும். இரண்டையும் வைத்துப் பராமரிப்பது அவருக்கு வீண் சுமை. லினக்ஸ் எப்படி இருக்கும் என்று பார்க்க மட்டும் விரும்புகிறவர், நிறுவாமலேயே பென் டிரைவிலிருந்து ஓட்டிப் பார்க்கலாம். 16 ஜிபி ரேம் உள்ள புதிய கணினி வைத்திருக்கும் மாணவர், விர்ச்சுவல்பாக்ஸ் போன்ற மென்பொருளுக்குள் லினக்ஸை ஒரு சாளரமாகவே திறந்துகொள்ளலாம். கட்டளை வரி மட்டும் போதும் என்றால் விண்டோஸுக்குள்ளேயே லினக்ஸை இயக்கும் டபிள்யூஎஸ்எல் என்ற வசதி இருக்கிறது.

தேவை உள்ளவர்கள் வேறு வகையினர். மண்டபத்தில் கடல் உயிரியல் ஆய்வு செய்யும் மாணவர் ஒருவருக்கு புள்ளிவிவரக் கணக்குக்கான ஆர் மொழியும் வரைபடங்களுக்கான கியூஜிஐஎஸ் மென்பொருளும் லினக்ஸில் வேகமாக ஓட வேண்டும். ஆனால் வழிகாட்டிக்கு அனுப்ப வேண்டிய அறிக்கை மைக்ரோசாஃப்ட் வேர்டில் வரி பிசகாமல் இருக்க வேண்டும். இ-சேவை நடத்துகிறவரின் கைரேகைக் கருவிக்கும் டிஜிட்டல் கையொப்ப டோக்கனுக்கும் விண்டோஸில்தான் சிக்கலில்லாத டிரைவர் கிடைக்கிறது. அச்சகம் வைத்திருப்பவர் கோரல்டிராவையும் பேஜ்மேக்கரையும் விட முடியாது. கணக்குக்கு டாலி வைத்திருப்பவர் நிலையும் அதுதான். இப்படி ஒரு காலை விண்டோஸிலிருந்து எடுக்க முடியாமல், இன்னொரு காலை லினக்ஸில் வைக்கக் காரணமும் இருப்பவர்களுக்கே இந்த ஏற்பாடு பொருந்தும்.

எந்த லினக்ஸைத் தேர்ந்தெடுப்பது?

முதன்முறை நிறுவுகிறவருக்கு லினக்ஸ் மின்ட். பக்கத்தில் உதவி கேட்க ஆள் இருந்து, அவர் உபுண்டு பயன்படுத்துகிறவராக இருந்தால் உபுண்டு. 2024-இல் வெளிவந்த உபுண்டு 24.04, மின்ட் 22 ஆகிய இரண்டுக்கும் 2029 வரை பாதுகாப்புப் புதுப்பிப்புகள் உண்டு. இதற்கு மேல் இந்தக் கேள்வியில் நேரம் செலவழிக்க வேண்டியதில்லை.

விண்டோஸை முதலில் நிறுவ வேண்டுமா, லினக்ஸையா?

விண்டோஸ் முதலில், லினக்ஸ் பிறகு. லினக்ஸின் நிறுவி ஏற்கெனவே இருக்கும் விண்டோஸைக் கண்டுபிடித்துத் தன் தொடக்கப் பட்டியலில் சேர்த்துக்கொள்ளும். விண்டோஸின் நிறுவிக்கு அந்தப் பெருந்தன்மை கிடையாது. அது தன்னை மட்டுமே முன்னே நிறுத்தும். வரிசை மாறிவிட்டால் சரிசெய்ய முடியாது என்பதில்லை, ஆனால் ஒரு மாலைப் பொழுது அதில் போய்விடும்.

தொடங்குவதற்கு முன் எவற்றை நகல் எடுத்து வைக்க வேண்டும்?

மீண்டும் உருவாக்க முடியாத எல்லாவற்றையும் வெளி ஹார்டு டிஸ்கில் எடுத்து வையுங்கள்: படங்கள், கணக்குகள், பட்டா, சான்றிதழ் ஸ்கேன்கள், டாலியின் தரவு ஃபோல்டர். நகலை அதே டிஸ்கின் இன்னொரு டிரைவில் வைப்பது நகல் ஆகாது. 'டி டிரைவில் போட்டு வைத்திருக்கிறேன்' என்று சொல்கிறவரிடம், சி-யும் டி-யும் ஒரே தட்டில் வரைந்த இரண்டு கோடுகள்தாம் என்பதை நான் ஒவ்வொரு முறையும் விளக்க வேண்டியிருக்கிறது. எடுத்த நகலை வேறொரு கணினியில் திறந்து பார்த்துவிடுங்கள். டிஸ்கின் உடல்நிலையையும் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ போன்ற இலவச மென்பொருளால் சோதித்துக்கொள்ளுங்கள். ஏற்கெனவே செத்துக்கொண்டிருக்கும் டிஸ்கில் பிரிவுகளை (சி, டி போன்ற பாகங்களை) சுருக்கப் போனால் அந்தச் சுமையிலேயே அது விழுந்துவிடக்கூடும்.

பிட்லாக்கர் என்ற ஒன்றைப் பற்றி எச்சரிக்கிறார்களே, அது என்ன?

டிஸ்கில் உள்ளவற்றை விண்டோஸ் பூட்டி வைக்கும் முறை அது. நீங்கள் இயக்கவே இல்லை என்று நினைத்தாலும், விண்டோஸ் 11-இன் அண்மைப் பதிப்புகளில் மைக்ரோசாஃப்ட் கணக்கால் நுழைந்தவுடன் பல கணினிகளில் அது தானாகவே இயங்கியிருக்கும். சாதாரண நாட்களில் அதன் இருப்பு தெரியாது. கணினி எழும்போது விண்டோஸுக்கும் முன்னால் ஓடும் பயோஸ் என்ற அமைப்புப் பகுதியில், கையொப்பமில்லாத தொடக்க நிரல்களைத் தடுக்கும் செக்யூர் பூட்டை மாற்றினாலோ தொடக்க வரிசையைக் கலைத்தாலோ, அடுத்த முறை நீலத் திரையில் 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்கும். சாவி இல்லையென்றால் உள்ளே இருப்பது உங்களுக்கும் கிடைக்காது, எனக்கும் கிடைக்காது.

ஓர் ஆசிரியையின் மடிக்கணினி இப்படித்தான் என் மேசைக்கு வந்தது. துபாயில் இருக்கும் அவருடைய தம்பி அனுப்பிய கணினி அது. அங்கே வாங்கிய கடையிலேயே யாரோ ஒருவர் புதிதாக ஒரு மைக்ரோசாஃப்ட் கணக்கைத் தொடங்கி நுழைத்துக் கொடுத்திருக்கிறார். பக்கத்து வீட்டுப் பையன் லினக்ஸ் போடுவதற்காக பயோஸில் ஏதோ மாற்ற, நீலத் திரை வந்து நின்றது. சாவி அந்தக் கணக்கில் இருக்கிறது. கணக்கின் கடவுச்சொல் யாருக்கும் நினைவில்லை. தம்பி தன் பழைய கைப்பேசியைத் தேடி எடுத்து, அதில் சேமித்திருந்த மின்னஞ்சல் முகவரியைக் கண்டுபிடித்து, எண்களை ஆறு ஆறாகக் குரல் செய்தியில் வாசித்து அனுப்ப ஒன்பது நாட்கள் ஆயின. அந்த ஒன்பது நாட்களும் பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல் அதற்குள் இருந்தது.

ஆகவே முதல் வேலையாக உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கின் இணையப் பக்கத்தில் மீட்புச் சாவியைத் தேடி, காகிதத்தில் எழுதி, பீரோவில் வையுங்கள். அதன் பிறகு விண்டோஸ் அமைப்புகளில் டிவைஸ் என்கிரிப்ஷன் என்ற பகுதிக்குப் போய் அதை அணைத்துவிடலாம். பூட்டு முழுவதும் அவிழச் சில மணி நேரம்கூட ஆகும், அதுவரை பொறுத்திருக்க வேண்டும்.

ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்பை ஏன் அணைக்கச் சொல்கிறார்கள்?

விண்டோஸ் 8 காலத்திலிருந்து, 'ஷட் டவுன்' கொடுத்தாலும் விண்டோஸ் முழுமையாக அணைவதில்லை. தன் உட்கருவின் நிலையை டிஸ்கில் எழுதி வைத்துவிட்டு உறங்கப் போகிறது. மறுநாள் வேகமாக எழுவதற்காக இந்த ஏற்பாடு. அப்படி உறங்கும்போது விண்டோஸின் பிரிவு பாதி திறந்த நிலையிலேயே இருக்கும். அந்த நேரத்தில் லினக்ஸுக்குள் போய் அதே பிரிவில் ஒரு கோப்பை எழுதினால், எழுந்து வரும் விண்டோஸின் நினைவில் இருப்பதும் டிஸ்கில் இருப்பதும் ஒத்துப்போகாமல் கோப்புகள் சிதையும். பெரும்பாலும் லினக்ஸ் இதை உணர்ந்து, அந்தப் பிரிவைப் படிக்க மட்டும் அனுமதிக்கும் அல்லது திறக்கவே மறுக்கும். 'டி டிரைவ் லினக்ஸில் திறக்கவில்லை' என்று வருகிற புகார்களில் பெரும்பாலானவற்றின் காரணம் இதுதான்.

கண்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸ் பகுதிக்குள், பவர் பொத்தான் என்ன செய்ய வேண்டும் என்று தீர்மானிக்கும் பக்கத்தில் இதற்கான குறியை எடுத்துவிடுங்கள். 'ஷட் டவுன்' பாதியில் நிற்க, 'ரீஸ்டார்ட்' மட்டும் முழுமையாக அணைத்துத் தொடங்குகிறது என்பது பலரும் அறியாத விசித்திரம். பெரிய விண்டோஸ் புதுப்பிப்புக்குப் பிறகு அந்தக் குறி திரும்ப வந்திருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது.

லினக்ஸுக்கு எவ்வளவு இடம் ஒதுக்க வேண்டும், அதை எப்படி எடுப்பது?

உபுண்டு கேட்கும் குறைந்த அளவு 25 ஜிபி. நான் 50-க்குக் குறைவாக ஒதுக்குவதில்லை. 256 ஜிபி என்று விற்கப்படும் எஸ்எஸ்டி விண்டோஸில் ஏறத்தாழ 238 ஜிபி என்றே தெரியும். அதில் விண்டோஸுக்கு 120, லினக்ஸுக்கு 50, இரண்டுக்கும் பொதுவான கோப்புகளுக்கு 60 என்று வைத்தால், மீதம் விண்டோஸின் சிறு பிரிவுகளுக்குச் சரியாக இருக்கும்.

சுருக்கும் வேலையை விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்ட்டைக் கொண்டே செய்யுங்கள். சி பிரிவின் மேல் வலது சொடுக்கி, 'ஷ்ரிங்க் வால்யூம்' கொடுத்தால் எவ்வளவு எடுக்கலாம் என்று சொல்லும். 100 ஜிபி காலியாக இருந்தும் 12 ஜிபிதான் தர முடியும் என்று சில சமயம் அடம்பிடிக்கும். இடையில் நகர்த்த முடியாத கோப்புகள் உட்கார்ந்திருப்பதே காரணம். ஹைபர்னேஷனையும் சிஸ்டம் ரிஸ்டோரையும் பேஜ் ஃபைலையும் தற்காலிகமாக அணைத்து, கணினியை மீண்டும் தொடக்கி முயன்றால் பெரும்பாலும் வழிவிடும். எடுத்த இடத்தை அங்கே புதிய டிரைவாக மாற்றாமல், ஒதுக்கப்படாத வெற்றிடமாகவே விட்டுவிடுங்கள்.

என்னுடையது பழைய கணினி. யூஈஎஃப்ஐ, எம்பிஆர் என்றெல்லாம் சொல்கிறார்களே?

கணினி எழும் முறை இரண்டு வகை. பழைய பயோஸ் முறையில், டிஸ்கின் முதல் 512 பைட்டுக்குள் தொடக்கக் குறிப்பும் பிரிவுகளின் அட்டவணையும் அடங்கியிருக்கும், இதுவே எம்பிஆர். இதில் நான்கு முதன்மைப் பிரிவுகளுக்கு மேல் போட முடியாது. 2 டிபிக்கு மேற்பட்ட டிஸ்கை முழுமையாகப் பயன்படுத்தவும் முடியாது. புதிய யூஈஎஃப்ஐ முறையில் ஜிபிடி அட்டவணையும், ஃபேட்32 வடிவிலான ஒரு சிறிய ஈஎஃப்ஐ பிரிவும் இருக்கும். ஒவ்வோர் இயங்குதளமும் தன் தொடக்கக் கோப்பை அதில் தனி ஃபோல்டராக வைத்துக்கொள்ளும்.

உங்கள் விண்டோஸ் எந்த முறையில் நிறுவப்பட்டிருக்கிறதோ அதே முறையில்தான் லினக்ஸையும் நிறுவ வேண்டும். சிஸ்டம் இன்ஃபர்மேஷன் பக்கத்தில் 'பயோஸ் மோட்' என்ற வரியில் 'யூஈஎஃப்ஐ' அல்லது 'லெகஸி' என்று இருக்கும். அதைப் பார்த்துவிட்டு, ரூஃபஸ் மென்பொருளில் பென் டிரைவ் தயாரிக்கும்போது அதற்கேற்றதைத் தேர்ந்தெடுங்கள்.

எம்பிஆர் வைத்திருப்பவர்களுக்கு மட்டும் ஓர் எச்சரிக்கை. தயாரிப்பாளர்களே நான்கு முதன்மைப் பிரிவுகளையும் நிரப்பி விற்ற பழைய மடிக்கணினிகளில், ஐந்தாவதை உருவாக்கப் போனால், 'டைனமிக் டிஸ்க்காக மாற்றட்டுமா' என்று விண்டோஸ் பணிவாகக் கேட்கும். சரி என்று கொடுத்தால் அந்த டிஸ்கில் லினக்ஸ் நிறுவுவது அதோடு முடிந்தது. வேண்டாம் என்று சொல்லிவிட்டு, நான்கில் தேவையற்ற ஒன்றை நகலெடுத்து நீக்குவதே வழி.

எங்கள் பக்கம் சிக்னல் நிலையாக இல்லை. லினக்ஸ் நிறுவலுக்கான ஐஎஸ்ஓ கோப்பை எப்படித் தரவிறக்குவது?

உபுண்டு 24.04 கிட்டத்தட்ட 6 ஜிபி. மின்ட் 22 அதில் பாதிக்குச் சற்று முன்பின். பாதியில் அறுந்த இறக்கம் முழுமையானதுபோலவே ஃபோல்டரில் கிடக்கும்; அதை எழுதிய பென் டிரைவ் நிறுவலின் நடுவில் காலை வாரும். டோரென்ட் வழியாக இறக்கினால் விட்ட இடத்திலிருந்து தொடரும், ஒவ்வொரு துண்டையும் தானே சரிபார்த்தும் கொள்ளும். நேரடியாக இறக்கியவர்கள் தங்கள் கோப்பின் எஸ்எச்ஏ256 என்ற சரிபார்ப்பு எண்ணைத் தளத்தில் தந்திருக்கும் எண்ணோடு ஒப்பிட்டுக்கொள்ள வேண்டும். அதுவும் சிரமம் என்றால், பென் டிரைவை எடுத்துக்கொண்டு கடைக்கு வந்து நகல் எடுத்துக்கொள்ளலாம். இதற்கு நான் காசு வாங்குவதில்லை.

நிறுவும்போது எந்த இடத்தில் கவனமாக இருக்க வேண்டும்?

ஒரே ஒரு திரையில். எங்கே நிறுவுவது என்று கேட்கும் அந்தத் திரையில், 'விண்டோஸோடு சேர்த்து நிறுவு' என்ற தேர்வும், 'டிஸ்கை அழித்து நிறுவு' என்ற தேர்வும் ஒன்றன்கீழ் ஒன்றாக இருக்கும். இரண்டுக்கும் நடுவே விரல் அகல இடைவெளிதான். மற்ற திரைகளில் தவறு செய்தால் பிறகு திருத்திக்கொள்ளலாம்.

இந்தத் திரையில் தவறியவர்களில் நானும் ஒருவன். சில ஆண்டுகளுக்கு முன் கீழக்கரைப் பையன் ஒருவனின் மேசைக் கணினியில் எஸ்எஸ்டி ஒன்று, பழைய ஹார்டு டிஸ்க் ஒன்று என இரண்டு இருந்தன. புதிதாக வாங்கிய வெற்று எஸ்எஸ்டியில் லினக்ஸ் போட வேண்டும். ஆகவே 'அழித்து நிறுவு' என்பதையே கொடுத்தேன். எந்த டிஸ்க் என்று கேட்ட கீழ்ப்பட்டியலில் முதலில் நின்றது எஸ்எஸ்டிதான் என்று நினைத்துக்கொண்டேன், அளவைப் படிக்கவில்லை. நிறுவல் முடிந்து கணினி எழுந்தபோது அவன் ஹார்டு டிஸ்கைத் தேடிப் பார்த்துவிட்டு, "காக்கா, லாத்தா நிக்காஹ் படமெல்லாம் அதுலதான் இருந்துச்சு" என்று மெல்லச் சொன்னான். அவன் அக்காவின் கல்யாணப் படங்கள் அவை. ஃபோட்டோரெக் மென்பொருளை இரண்டு இரவுகள் ஓட்டிப் பெரும்பாலான படங்களை மீட்டோம். ஆனால் அது கோப்புப் பெயர்களையும் ஃபோல்டர்களையும் மீட்பதில்லை. வெறும் எண்களைப் பெயராகக் கொண்ட ஆயிரக்கணக்கான படங்களை அந்தக் குடும்பம் இன்னும் வரிசைப்படுத்திக்கொண்டிருக்கிறது.

அன்று முதல், இரண்டு டிஸ்க் உள்ள மேசைக் கணினியில் தொடாத டிஸ்கின் கம்பியைக் கழற்றிவிட்டே நிறுவுகிறேன். மடிக்கணினியில் அப்படிச் செய்ய முடியாதபோது, ஒவ்வொரு பிரிவின் ஜிபி அளவையும் முன்பே காகிதத்தில் எழுதிக்கொண்டு, திரையில் தெரிவதோடு வாய்விட்டுப் படித்து ஒப்பிடுகிறேன். பிரிவுகளை நீங்களே அமைக்கும் வழியில் போனால், இருக்கும் ஈஎஃப்ஐ பிரிவைத் தேர்ந்தெடுக்க மட்டும் செய்யுங்கள். அதை ஃபார்மேட் செய்யும் குறியைத் தொட்டுவிடாதீர்கள், விண்டோஸின் தொடக்கக் கோப்பும் அதற்குள்தான் இருக்கிறது.

நிறுவியில் டிஸ்க்கே தெரியவில்லை. பழுதா?

பழுதாக இருக்க வாய்ப்புக் குறைவு. இன்டெல் செயலி உள்ள பல மடிக்கணினிகளில் டிஸ்க் ஆர்எஸ்டி அல்லது விஎம்டி என்ற முறையில் அமைக்கப்பட்டிருக்கும். சில லினக்ஸ் நிறுவிகளுக்கு அது புலப்படாது. பயோஸில் அதை ஏஎச்சிஐ முறைக்கு மாற்றினால் தெரியும். ஆனால் நேராகப் போய் மாற்றினால் விண்டோஸ் நீலத் திரையோடு நின்றுவிடும். முதலில் விண்டோஸை சேஃப் மோடில் எழும்படி அமைத்துவிட்டு, பயோஸில் மாற்றி, சேஃப் மோடில் ஒருமுறை எழவிட்டு, பிறகு வழக்கமான முறைக்குத் திருப்ப வேண்டும். அந்த ஒரு முறையில் விண்டோஸ் தனக்கு வேண்டிய டிரைவரை ஏற்றிக்கொள்கிறது.

செக்யூர் பூட்டை அணைத்தே ஆக வேண்டுமா?

வேண்டியதில்லை. உபுண்டு, மின்ட், ஃபெடோரா, டெபியன் ஆகியவை மைக்ரோசாஃப்ட் கையொப்பமிட்ட ஷிம் என்ற சிறு நிரலோடு வருவதால், செக்யூர் பூட் இயங்கும்போதே எழும். என்விடியா போன்ற வெளி டிரைவர்களை நிறுவும்போது மட்டும் ஒரு கடவுச்சொல்லை வைக்கச் சொல்லி, அடுத்த தொடக்கத்தில் நீலத் திரையில் அதையே கேட்கும். அவசரத்தில் அந்தத் திரையைத் தாண்டிப் போனால் டிரைவர் வேலை செய்யாது.

2024 ஆகஸ்டில் வந்த ஒரு விண்டோஸ் புதுப்பிப்பு, பழைய ஷிம் வைத்திருந்த கணினிகளில் லினக்ஸை எழவிடாமல் தடுத்தது உண்மை. அப்போது செக்யூர் பூட்டைத் தற்காலிகமாக அணைத்து, லினக்ஸைப் புதுப்பித்து, மீண்டும் இயக்கினோம். ஆகவே லினக்ஸ் பக்கத்தையும் மாதம் ஒருமுறையாவது திறந்து புதுப்பித்துக்கொள்ளுங்கள்.

எல்லாம் நிறுவினேன், ஆனால் பட்டியல் வராமல் நேராக விண்டோஸே வருகிறது.

யூஈஎஃப்ஐ தன் வரிசையில் விண்டோஸ் பூட் மேனேஜரை முதலில் வைத்திருக்கிறது, அவ்வளவுதான். கணினியை இயக்கியவுடன் பயோஸுக்குள் போய் (டெல், லெனோவோ, ஏசர் ஆகியவற்றில் பெரும்பாலும் எஃப்2, எச்பியில் எஃப்10) உபுண்டு என்ற பெயரை மேலே நகர்த்துங்கள். சில பெரிய விண்டோஸ் புதுப்பிப்புகள் இந்த வரிசையை மறுபடி கலைக்கும். மறுபடி நகர்த்தினால் போதும், எதுவும் அழிந்திருக்காது.

பட்டியல் வந்து அதில் விண்டோஸ் மட்டும் இல்லையென்றால் காரணம் வேறு. கிரப் என்ற அந்தத் தொடக்க நிரல் 2.06 பதிப்பிலிருந்து மற்ற இயங்குதளங்களைத் தேடுவதை இயல்பாகவே நிறுத்தி வைத்திருக்கிறது. அதன் அமைப்புக் கோப்பில், அந்தத் தேடலைச் செய்யும் ஓஎஸ்-ப்ரோபரை முடக்கும் வரியின் மதிப்பை 'ஃபால்ஸ்' என்று மாற்றி, அப்டேட்-கிரப் கட்டளையை ஓட்டினால் விண்டோஸ் மீண்டும் பட்டியலில் ஏறும்.

லினக்ஸுக்குப் போய் வந்தால் விண்டோஸில் மணி ஐந்தரை மணி நேரம் பின்னால் போகிறதே?

கணினிக்குள் சிறு பேட்டரியில் ஓடும் கடிகாரம் ஒன்றுதான். அதை இரண்டும் இரண்டு விதமாகப் படிக்கின்றன. விண்டோஸ் அதில் இருப்பதை உள்ளூர் நேரம் என்று எடுத்துக்கொள்கிறது. லினக்ஸ் அதை உலகப் பொது நேரம் என்று கருதி, இந்திய நேரத்துக்காக 5 மணி 30 நிமிடம் கூட்டிக் காட்டுகிறது; இணையத்தில் சரியான நேரத்தைக் கண்டுகொண்டதும் கடிகாரத்தையும் பொது நேரத்துக்கு மாற்றி வைக்கிறது. பிறகு விண்டோஸுக்கு வந்தால் அதே 5:30 குறைந்து தெரிகிறது.

இது வேடிக்கையான சிறு குறை என்று நானும் நினைத்திருந்தேன், பாம்பனில் மீன் வியாபாரி ஒருவர் தன் பில்களை மேசையில் விரித்துப் போடும் வரை. அவருடைய மகன் இரவில் லினக்ஸில் படித்துவிட்டு அணைப்பான். அவர் அதிகாலை நான்கு மணிக்குக் கரையில் மீனை ஏலம் எடுத்து வந்து, விண்டோஸைத் திறந்து பில் போடுவார். கணினிக்கு அப்போது முந்தைய நாள் இரவு பத்தரை. செவ்வாய்க்கிழமை வாங்கிய சரக்கு முழுவதும் திங்கட்கிழமைத் தேதியில் பதிவாகியிருந்தது. வெளியூர்க் கம்பெனிக்கு அனுப்பிய கணக்கு மூன்று வாரமாக ஒத்துப்போகவில்லை.

தீர்வு ஒரே வரியில் இருக்கிறது. லினக்ஸில் டைம்டேட்சிடிஎல் என்ற கட்டளையைக் கொண்டு, வன்பொருள் கடிகாரத்தை உள்ளூர் நேரமாகவே கருதும்படி அமைத்துவிடலாம். நம் நாட்டில் கோடைக்காலம் என்று கடிகாரத்தை முன்பின் நகர்த்தும் வழக்கம் இல்லாததால் இதனால் வேறு தொல்லை வராது.

ஒன்றில் தட்டச்சு செய்த தமிழ்க் கோப்பு மற்றதில் தெரியுமா?

யூனிகோடில் தட்டச்சு செய்திருந்தால் எந்த வேறுபாடும் இல்லாமல் தெரியும். பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில் செய்தவை, அதே எழுத்துருவை லினக்ஸிலும் நிறுவினால்தான் தமிழாகத் தெரியும். இல்லையேல் ஆங்கில எழுத்துகளின் குப்பையாக நிற்கும். தட்டச்சுக்கு லினக்ஸில் ஐபஸ் என்ற உள்ளீட்டு மென்பொருள் வழியாகத் தமிழ்99 விசைப்பலகை கிடைக்கிறது, விண்டோஸிலும் அது உண்டு. விரல்களுக்கு இரண்டிலும் ஒரே பழக்கம் போதும்.

கோப்புகளைப் பொறுத்தவரை, லினக்ஸ் விண்டோஸின் என்டிஎஃப்எஸ் பிரிவைப் படிக்கும், எழுதும். விண்டோஸோ லினக்ஸின் எக்ஸ்ட்4 பிரிவைத் தானாகப் படிக்காது; 'இதை ஃபார்மேட் செய்யட்டுமா' என்று கேட்கும். அதற்கு ஒருபோதும் சரி என்று சொல்லாதீர்கள். பொதுவான கோப்புகளுக்குத் தனி என்டிஎஃப்எஸ் பிரிவு வைக்கச் சொன்னது இதற்காகத்தான்.

மின்வெட்டும் உப்புக் காற்றும் இதில் குறுக்கிடுமா?

பிரிவைச் சுருக்கும்போதோ நிறுவும்போதோ மின்சாரம் போனால் டிஸ்கின் அட்டவணை பாதி எழுதிய நிலையில் நிற்கும். மடிக்கணினியில் பேட்டரியை நிரப்பிக்கொண்டு, மின் இணைப்போடும் வைத்துத் தொடங்குங்கள். மேசைக் கணினிக்கு யூபிஎஸ் இல்லாமல் நான் இந்த வேலையைத் தொடுவதில்லை. ஐப்பசி, கார்த்திகை மழை நாட்களில் வருகிறவர்களை நாள் தள்ளி வரச் சொல்லிவிடுகிறேன்.

உப்புக் காற்று மெதுவாகக் கெடுக்கும். கரையோர வீடுகளில் இருக்கும் கணினிகளின் யூஎஸ்பி துளைகளில் பச்சை படர்ந்திருப்பதைப் பார்க்கலாம். அத்தகைய துளையில் செருகிய பென் டிரைவ் சற்று அசைந்தாலும் தொடர்பு விட்டு, நிறுவல் நடுவில் நின்றுவிடுகிறது. பின்பக்கத் துளைகளில் சுத்தமான ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். தாய்ப்பலகையின் நாணய பேட்டரி வலுவிழந்திருந்தால் மணியும் பயோஸ் அமைப்புகளும் தவறிப்போகும். டூயல் பூட்டின் மேல் பழி போடுவதற்கு முன் அதை மாற்றிப் பாருங்கள்.

வளைகுடாவிலிருந்து வந்த மடிக்கணினியில் அரபி எழுத்துகள் அச்சிட்ட விசைகள் இருக்கின்றன. தடையா?

தடை இல்லை. நிறுவும்போது விசைப்பலகை எது என்று கேட்கும் இடத்தில் அமெரிக்க ஆங்கிலத்தைத் தேர்ந்தெடுத்தால் போதும். விண்டோஸ் உரிமமும் போய்விடாது. கணினியோடு வந்த விண்டோஸின் சாவி பெரும்பாலும் தாய்ப்பலகையின் நிலைநிரலிலேயே பதிந்திருப்பதால், மறுபடி நிறுவினாலும் தானாக ஏற்றுக்கொள்ளும்.

பிறகு லினக்ஸ் வேண்டாம் என்று தோன்றினால் எப்படி நீக்குவது?

டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் லினக்ஸின் பிரிவை மட்டும் அழித்துவிட்டு மறுபடி இயக்குகிறவர்கள், கறுப்புத் திரையில் கிரப் என்ற சொல்லும் துடிக்கும் கோடுமாக நிற்பதைக் கண்டு பதறுகிறார்கள். பட்டியல் தன் மீதிக் கோப்புகளைத் தேடிக் காணாமல் நிற்கிறது; விண்டோஸுக்கு ஒன்றும் ஆகவில்லை. யூஈஎஃப்ஐ கணினியில், முதலில் பயோஸின் தொடக்க வரிசையில் விண்டோஸ் பூட் மேனேஜரை மேலே ஏற்றி, அது நேராக எழுகிறதா என்று பாருங்கள். அதன் பிறகு லினக்ஸ் பிரிவை அழித்து, அந்த இடத்தை சி-யோடு சேர்த்துக்கொள்ளுங்கள்; வெற்றிடம் சி-க்கு அடுத்தாற்போல் வலப்பக்கம் இருந்தால்தான் விண்டோஸால் சேர்க்க முடியும். ஈஎஃப்ஐ பிரிவில் உபுண்டு என்ற பெயரில் எஞ்சியிருக்கும் ஃபோல்டர் சில மெகாபைட்தான். அதை அப்படியே விட்டுவிட்டாலும் கெடுதல் இல்லை. பழைய எம்பிஆர் கணினியாக இருந்தால், லினக்ஸை அழிப்பதற்கு முன் விண்டோஸ் நிறுவல் பென் டிரைவ் ஒன்றைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். அதன் பழுதுபார்க்கும் பகுதியிலிருந்துதான் முதல் 512 பைட்டை விண்டோஸுக்குத் திருப்பி எழுத முடியும்.